காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு சமூக வலைத்தளங்களுக்கு ஆப், விட்ஜெட் செய்து விற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் இருந்துகொண்டு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் மாதிரியான தளங்களின் மேல் ஓடும் சின்னச் சின்ன ஆப்களும் விட்ஜெட்டுகளும் (கடையின் இணையப் பக்கத்துக்குள் ஒட்டிவைக்கும் சின்னப் பெட்டிகள்) செய்து கடைகளுக்கு விற்கலாம் என்று இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடு எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதை இங்கே சொல்லித்தரப் போவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் கோடு எழுதிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்த பிறகு பார்த்தால், அந்த ஆப்பைச் சொந்த அக்கவுண்டைத் தவிர வேறு யாராலும் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவிடம் அனுமதி வாங்கவில்லை. அனுமதி கேட்கப் போனால் நிறுவனத்தின் காகிதம் வேண்டும் என்கிறது. காகிதத்தை எடுத்துப் பார்த்தால் டொமைன் ஒருவர் பெயரில், வங்கிக் கணக்கு இன்னொருவர் பெயரில், முகவரி மூன்று விதமாக இருக்கிறது. நிலம் மெட்டாவுடையது, நாம் குத்தகைக்காரர்கள். குத்தகைச் சீட்டு எழுதாமல் நாற்று விடக் கூடாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோடு எழுதுகிறவர், இன்னொருவர் கடைக்குப் போய்ப் பேசுகிறவர். இரண்டு பேருமே கோடு எழுதுகிறவர்கள் என்றால் அந்தக் கம்பெனியில் விற்பனை என்று ஒன்று நடக்காது, நிறையப் பேரிடம் பார்த்தாயிற்று.

சர்வரை வீட்டில் வைக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும், ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம் வேறு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை கிராமங்களில் எத்தனை நாள் இருட்டில் இருந்தார்கள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மும்பையில் இருக்கும் ஏதாவது ஒரு கிளவுட் சர்வரை மாத வாடகைக்கு எடுங்கள். நம் ஊரில் கரண்ட் போனாலும் கடைக்காரரின் விட்ஜெட் நிற்கக் கூடாது, அவருடைய வாடிக்கையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்.

வீட்டில் ஃபைபர் இருந்தாலும் வேறு கம்பெனி சிம்மில் ஒரு டேட்டா இணைப்பு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கம்பெனிக்கென்றே ஒரு புதிய சிம், சொந்த டொமைனில் ஒரு மின்னஞ்சல், நாலைந்து வருடப் பழைய மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்று. அந்த போன் எதற்கென்றால், உங்கள் லேப்டாப்பில் வேகமாகத் திறக்கும் விட்ஜெட் அதில் எப்படித் திணறுகிறது என்று தினமும் பார்க்க.

ஆபீஸ் அவசரமில்லை. தஞ்சை மேலவஸ்தாச்சாவடியில் 2024இல் டைடல் நியோ என்ற ஐடி பூங்காவைத் திறந்திருக்கிறார்கள், வளர்ந்த பிறகு அங்கே போகலாம். பதிவுக்கு வீட்டு முகவரியே போதும்: மின்கட்டண ரசீதும், வீட்டு உரிமையாளரின் ஆட்சேபனையில்லாக் கடிதமும் இருந்தால் சரி.

2. ஒரே தொழில், ஒரே தொல்லை, ஒரே தளம்

“எல்லாக் கடைக்கும் எல்லா வசதியும் உள்ள ஆப்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தமிழர்களுக்கென்று தனிச் சமூக வலைத்தளம் கட்டப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

ஒரு தொழிலைப் பிடியுங்கள். நம்மைச் சுற்றிப் பஞ்சமே இல்லை: திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, தஞ்சாவூர் ஓவியம், கல்யாண மண்டபம், காப்பித்தூள் கடை, அறுவடை இயந்திர வாடகை. இதில் ஒன்றை எடுத்து, அந்தக் கடையில் போனுக்குப் பதில் சொல்கிறவர் பக்கத்தில் ஒரு சாயங்காலம் சும்மா உட்காருங்கள். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். அவர் விரல் எங்கே போகிறது, எதைத் திரும்பத் திரும்ப டைப் செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

பட்டுக்கடையை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதே உதாரணம்தான். காலையில் பத்துப் புடவையைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். கீழே “விலை?” “இருக்கா?” “கூரியர் உண்டா?” என்று மூன்றே கேள்விகள், நூறு பேர் வாயிலாக. கைத்தறியில் அநேகமாக ஒரு நிறம் ஒரு டிசைன் ஒரே புடவைதான், மத்தியானமே விற்றுப்போயிருக்கும். ஆனால் போஸ்ட் அப்படியே நிற்கிறது. இரண்டு மாதம் கழித்தும் யாரோ அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், கடைப் பெண் “சாரி மேம், சோல்டு” என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார். தொல்லை அதுதான். அதற்கு மருந்து: இன்ஸ்டாகிராம் படங்கள் தானாகக் கடையின் இணையதளத்துக்கு வர வேண்டும், ஒரு தட்டில் “விற்றது” என்று குறிக்க முடிய வேண்டும், மிச்சமுள்ள ஒவ்வொரு புடவைக்கும் கீழே புடவை எண்ணோடு வாட்ஸ்அப் திறக்கும் பட்டன் இருக்க வேண்டும். இவ்வளவுதான் பொருள். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள்.

விளக்குக் கடையில் கேள்வி வேறு, உயரம் எத்தனை அடி, எடை எத்தனை கிலோ. சிலை வேலையில் “என் ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது”. மண்டபத்தில் “இந்தத் தேதி காலியா”. ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டாது, அதனால்தான் ஒன்றோடு தொடங்கச் சொல்கிறேன்.

3. அனுமதியே தேவைப்படாத வடிவத்தை முதலில் விற்றுப் பாருங்கள்

ஏபிஐ (தளத்தின் தகவலை நம் மென்பொருள் எடுக்கும் வழி), அனுமதி, சரிபார்ப்பு எதுவும் இல்லாமல் ஒரு முதல் வடிவம் செய்ய முடியும். படங்களைக் கையால் ஏற்றும் ஒரு பக்கம், ஒவ்வொன்றின் கீழும் வாட்ஸ்அப்பின் நேரடி உரையாடல் லிங்க். இந்த லிங்குக்கு யாரிடமும் கேட்க வேண்டாம், காசும் கிடையாது.

இந்தச் சின்ன லிங்கிலேயே இரண்டு தவறு நடக்கும். எண்ணை 91 என்று தொடங்கி எழுத வேண்டும், முன்னால் பூஜ்யமோ கூட்டல் குறியோ கூடாது. இரண்டாவது, முன்கூட்டி நிரப்பும் வாசகத்தைத் தமிழில் வைத்தால் லிங்க் பயங்கரமாக நீளும்: ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் லிங்கில் ஒன்பது எழுத்தாக மாறும், “பட்டு” என்ற ஒரு சொல் (கணினிக்கு ஐந்து குறியீடு) மட்டும் 45 எழுத்து. அதனால் வாசகத்தைச் சுருக்குங்கள், புடவை எண்ணும் ஒரு சொல்லும் போதும்.

டெலிகிராம் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் என்றால் இன்னும் சுலபம். பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் பேசினால் சில நிமிடத்தில் பாட் (தானாகப் பதில் சொல்லும் கணக்கு) தயார், கட்டணம் கிடையாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பாட் தானாக யாருக்கும் முதல் செய்தி அனுப்ப முடியாது, அவர்கள்தான் ஸ்டார்ட் அழுத்த வேண்டும்.

இந்த முதல் வடிவத்தையே காசுக்குக் கொடுங்கள். மாதம் சில நூறு ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை. சும்மா கொடுத்தால் கடைக்காரர் குறையும் சொல்ல மாட்டார், பயன்படுத்தவும் மாட்டார், “நல்லா இருக்கு தம்பி” என்பார், அதை நம்பி நீங்கள் ஆறு மாதம் உழைப்பீர்கள். காசு கொடுத்தவர்தான் ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி “படம் வரலையே தம்பி” என்று கேட்பார். அந்தப் போன் வந்தால் பொருள் விலைபோகும் என்று அர்த்தம், அடுத்த படிக்குப் போங்கள். வராவிட்டால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

4. பெயரும் காகிதமும்

பெயர் வைக்கும்போதே தளங்களின் வர்த்தகப் பெயர்களைத் தவிருங்கள். இன்ஸ்டா, கிராம், ஃபேஸ், புக், எஃப்பி என்று எது கலந்திருந்தாலும் மெட்டா டெவலப்பர் பக்கத்தில் ஆப் பெயராக ஏற்காது. ‘காவிரி இன்ஸ்டா’ என்று விசிட்டிங் கார்டு அடித்த பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை.

வரிசை இது: கம்பெனிப் பதிவு இணையதளத்தில் பெயர் காலியா என்று பாருங்கள், வர்த்தகக் குறிப் பதிவேட்டில் தேடுங்கள், டொமைன் வாங்குங்கள், பிறகு பதிவு, பான், நடப்புக் கணக்கு, உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு). டொமைனை எப்போதும் கம்பெனி மின்னஞ்சலில் வாங்க வேண்டும். நண்பன் கார்டில் வாங்கிய டொமைன், நண்பன் வேறு வேலைக்குப் பெங்களூரு போனதும் அவனோடு போய்விடும்.

எந்த வடிவில் பதிவது? தனிநபர் தொழிலாக உத்யம் சான்றிதழோடு ஆரம்பிப்பது எல்லாவற்றிலும் எளிது. இரண்டு பேர் பங்கு என்றால் எல்எல்பி (பொறுப்பு வரையறுத்த கூட்டாண்மை) நல்லது, ஆண்டு விற்பனை 40 லட்சமும் பங்குதாரர்கள் போட்ட பங்களிப்பு 25 லட்சமும் தாண்டாத வரை கட்டாயத் தணிக்கை கிடையாது. பிரைவேட் லிமிடெட் என்றால் விற்பனையே இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. வெளியாரின் முதலீடு வாங்கும் எண்ணம் உடனடியாக இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

உத்யம் பதிவு அரசு தளத்தில் முழுக்க இலவசம். அதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும் ஏஜென்ட் தளங்கள் தேடலில் மேலே வரும், ஏமாறாதீர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி கட்டாயம். ஆனால் கிளவுட், ஏபிஐ என்று வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணம் கட்டும்போது ரிவர்ஸ் சார்ஜ் (விற்றவருக்குப் பதில் வாங்கியவரே வரி கட்டுவது) என்று ஒரு விஷயம் வருகிறது, அதை முதல் மாதமே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இந்தப் படியில் நான் அதிகம் வலியுறுத்துவது எழுத்துக்கூட்டலை. ஒரு காகிதத்தில் பழைய கதவு எண், இன்னொன்றில் புதிய எண். ஒன்றில் மேலத் தெரு, இன்னொன்றில் மேல வீதி. ஆங்கிலத்தில் தஞ்சாவூருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். நமக்கு எல்லாம் ஒன்றுதான், தபால்காரருக்கும் ஒன்றுதான். சரிபார்க்கும் இயந்திரத்துக்கு வேறு வேறு. ஒரு தாளில் பெயரையும் முகவரியையும் ஒரே விதமாக எழுதி வைத்துக்கொண்டு, எல்லாப் படிவத்திலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

5. மெட்டாவில் நிறுவனச் சரிபார்ப்பு

காகிதம் கைக்கு வந்த அன்றே இதைத் தொடங்குங்கள், கோடு எழுதத் தொடங்கும் முன்பே. இது முடியாமல் அடுத்தவர் அக்கவுண்டில் வேலை செய்யும் உயர்நிலை அனுமதி கிடைக்காது. காத்திருக்கும் நாட்களில் கோடு எழுதலாம், எழுதிவிட்டுக் காத்திருந்தால் அத்தனை நாளும் வீண்.

உங்கள் இணையதளம் அப்போது திறந்திருக்க வேண்டும். அதில் பதிவுச் சான்றிதழில் உள்ள அதே சட்டப் பெயர், முகவரி, தொலைபேசி எண் அடிப்பகுதியில் தெரிய வேண்டும். “விரைவில் வருகிறோம்” என்று ஒற்றை வரி மட்டும் உள்ள பக்கத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் திரும்பத்தான் வருவார்கள்.

கம்பெனிக்கென்று புதிதாக ஒரு பொய் ஃபேஸ்புக் ஆளை உருவாக்காதீர்கள். நிறையப் பேர் செய்வது இது. கம்பெனி பெயரில் ஆள் கணக்குத் திறக்கிறார்கள், அது ஒரு நாள் முடக்கப்படுகிறது, உள்ளே இருந்த ஆப், பக்கம் எல்லாம் கைவிட்டுப் போகிறது. பங்குதாரர்களின் சொந்த, பழைய, நிஜமான கணக்குகளில் இரண்டை நிர்வாகியாகப் போடுங்கள். இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள். ஒன்று பூட்டிக்கொண்டால் இன்னொன்றில் நுழையத்தான் இரண்டு.

6. கடையின் அக்கவுண்ட் யார் கையில் இருக்கிறது?

இதைக் கேட்காமல் யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள். டெல்டாவில் கடைகளின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தவர் அநேகமாக முதலாளியின் அக்கா பையனாக இருப்பார், அவர் இப்போது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், பாஸ்வேர்ட் அவருக்கே மறந்திருக்கும். அங்கே ராத்திரியாக இருக்கும்போது ஓடிபி அவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யவே ஒரு வாரம் பிடிக்கலாம், அந்த வாரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் தேதி சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இன்ஸ்டாகிராம் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கணக்குகளின் படங்களை எடுக்க இருந்த பழைய ஏபிஐயை 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இன்னும் அதை வைத்துச் சொல்லித்தரும் வீடியோக்கள் யூடியூபில் நிறைய உண்டு, அவற்றைப் பின்பற்றி நாள் போக்காதீர்கள். மாற்றுவது சுலபம், கடைக்காரரின் போனிலேயே அமைப்புகளுக்குள் போய்ச் சில தட்டில் முடியும், கட்டணமில்லை.

பாஸ்வேர்ட் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் ஊரில் நம்பிக்கையின் பேரில் துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு அந்தக் கணக்கில் என்ன நடந்தாலும் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். அவர் கையாலேயே அனுமதிப் பொத்தானை அழுத்த வையுங்கள்.

7. விட்ஜெட்டைக் கட்டும் வரிசை

இப்போதுதான் கோடு. விட்ஜெட் நேரடியாக இன்ஸ்டாகிராமைக் கூப்பிடக் கூடாது. உங்கள் சர்வர் சீரான இடைவெளியில் போஸ்டுகளை எடுத்துச் சேமிக்க வேண்டும், விட்ஜெட் உங்கள் சர்வரை மட்டும் கேட்க வேண்டும். காரணம் இரண்டு. பிரவுசருக்குள் டோக்கனை (கடைக்காரர் அனுமதி கொடுத்ததும் கிடைக்கும் சாவி) வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், ஏபிஐயைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைதான் கூப்பிடலாம் என்று வரம்பு இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை கடைத் தளத்தில் கூட்டம் நெரியும்போது வரம்பு தீர்ந்து விட்ஜெட் வெறுமையாக நிற்கும், அன்றுதான் அது வேலை செய்திருக்க வேண்டும்.

டோக்கன் விஷயம் புதியவர்கள் அத்தனை பேரையும் ஒரு தடவையாவது கவிழ்க்கும். முதலில் கிடைப்பது ஒரு மணி நேரமே தாங்கும். அதை நீண்ட கால டோக்கனாக மாற்ற வேண்டும், அதுவும் 60 நாள்தான். அறுபதாம் நாள் எல்லாக் கடையும் ஒன்றாக நிற்காமலிருக்க, முப்பதாம் நாளே புதுப்பிக்கும் வேலையைத் தினசரி ஓட்டத்தில் போடுங்கள். புதுப்பிக்க முடியாமல் போனால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும். கடைக்காரர் பாஸ்வேர்ட் மாற்றினாலும் டோக்கன் செத்துவிடும், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படத்தின் லிங்கை மட்டும் சேமித்து வைப்பது அடுத்த தவறு. இன்ஸ்டாகிராம் தரும் பட லிங்க் நிரந்தரமல்ல, கொஞ்ச நாளில் காலாவதியாகும். டெமோ காட்டிய அன்று பளபளவென்று இருக்கும், அடுத்த வாரம் கட்டம் கட்டமாக வெள்ளை. ஒவ்வொரு சுற்றிலும் லிங்கைப் புதுப்பியுங்கள்.

விட்ஜெட்டை ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் தனிப் பக்கமாக ஓடும் சட்டம்) கொடுப்பதா, ஸ்கிரிப்டாகக் கொடுப்பதா? கடையின் தளத்தை யார் எந்தக் காலத்தில் செய்தார்கள் என்றே தெரியாது என்பதால் ஐஃப்ரேமில் தொடங்குங்கள். அவர்களுடைய சிஎஸ்எஸ் உங்களுடையதைக் கெடுக்காது, உங்களுடையது அவர்களுடையதைக் கெடுக்காது. ஸ்கிரிப்ட் வடிவம் பிறகு வேண்டுமானால் ஷேடோ டாமோடு (ஸ்டைல் கலக்காமல் தடுக்கும் பிரவுசர் வசதி) வரட்டும். எதுவானாலும் உயரத்தை முன்பே ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் படம் வந்து விழும்போது பக்கம் குதித்து, வாங்க வந்தவர் வேறு பட்டனைத் தட்டிவிடுவார்.

8. தமிழ் எழுத்து கெடும் இடங்கள்

படத்தின் கீழே இத்தனை எழுத்தோடு வெட்டு என்று கோடு எழுதுவோம் இல்லையா, அங்கேதான் வரும் வினை. கணினிக்குப் “பட்டு” என்பது ஐந்து குறியீடு. நான்காவதில் வெட்டினால் “பட்ட” என்று நிற்கும், “கொடி”யை முதல் குறியீட்டில் வெட்டினால் வெறும் “க”. மிச்சப் பகுதி அடுத்த வரியில் புள்ளிவட்டத்தோடு தொங்கும். பட்டுக்கடை விட்ஜெட்டில் “பட்ட” என்று தெரிந்தால் கடைக்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார். பிரவுசரிலேயே இருக்கும் செக்மென்டர் வசதியை வைத்து முழு எழுத்தாக வெட்டுங்கள்.

கடைக்காரர் கொடுக்கும் பழைய விலைப்பட்டியல், நோட்டீஸ் எல்லாம் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதை ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும், மாற்றிய பிறகு ஒரு மனிதர் கண்ணால் படிக்கவும் வேண்டும். டேட்டாபேஸை யுடிஎஃப்8எம்பி4 வகையில் அமையுங்கள், இன்ஸ்டாகிராமில் எமோஜி இல்லாத போஸ்டே கிடையாது. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கீழே இறங்கும் கோடுகளும் மேலே ஏறும் சுழிகளும் இடித்துக்கொள்ளும்.

9. ஆப் ரிவ்யூ

சரிபார்ப்பு முடிந்தது, ஆப் உங்கள் அக்கவுண்டில் ஓடுகிறது. அடுத்தவர் அக்கவுண்டிலும் ஓட ஆப் ரிவ்யூ, அதாவது மெட்டாவின் ஆய்வு, வேண்டும். அதுவரை, ஆப்பில் பொறுப்புக் கொடுத்துச் சேர்த்தவர்களின் கணக்கில் மட்டுமே வேலை செய்யும். முதல் கடையை இப்படிச் சேர்த்தே ஓட்டிவிடலாம். பலருக்கு இது தெரியாமல் முதல் வருமானத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

தேவையான அனுமதியை மட்டும் கேளுங்கள். பட்டுக்கடை விட்ஜெட்டுக்குப் போஸ்டுகளைப் படித்தால் போதும், பின்னால் உதவும் என்று கமெண்ட், மெசேஜ் அனுமதியெல்லாம் சேர்த்துக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் எங்கே பயன்படுகிறது என்று காட்ட வேண்டும், காட்ட முடியாததால் நிராகரிப்பார்கள்.

திரைப்பதிவு வீடியோதான் முக்கியம். லாகின் பொத்தானில் தொடங்கி, அனுமதி கொடுப்பது, படங்கள் வந்து நிற்பது வரை இடைவெட்டில்லாமல் காட்டுங்கள். பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் திரை முழுக்கத் தமிழில் இருந்தால் அந்த வீடியோவுக்கு மட்டும் ஆங்கிலத் திரையோ ஆங்கில விளக்க வரிகளோ வையுங்கள். அவர் சோதிக்க ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும், அது முடியும் வரை சர்வரை அணைக்கவோ கடவுச்சொல்லை மாற்றவோ கூடாது.

தனியுரிமைக் கொள்கைப் பக்கம், தகவலை அழிக்கச் சொல்வது எப்படி என்ற பக்கம் இரண்டும் உங்கள் டொமைனில் திறக்க வேண்டும். வேறு தளத்திலிருந்து கொள்கையை நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் அதில் அந்தக் கம்பெனியின் பெயரையே மாற்றாமல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

10. வாட்ஸ்அப் ஏபிஐ

லிங்க் பட்டனுக்கு மேலே போய், ஆர்டர் தகவல் தானாக அனுப்ப வேண்டும் என்று கடைக்காரர் கேட்கும்போது மட்டும் இங்கே வாருங்கள்.

கடையின் பழைய எண்ணில் கை வைக்காதீர்கள். அது வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கை அழித்துத்தான் ஏபிஐயில் ஏற்ற முடியும், அல்லது ஆப்பும் ஏபிஐயும் ஒரே எண்ணில் ஓடும் வசதி தரும் கூட்டாளி நிறுவனம் வழியாகப் போக வேண்டும். பத்து வருட வாடிக்கையாளர் பேச்சு அதில் இருக்கும், ஆகவே புது சிம்மே உத்தமம்.

வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் நீங்கள் விரும்பியபடி பதில் எழுதலாம், கட்டணமில்லை. அது தாண்டினால் முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய வாசகம் மட்டும்தான். 2025 ஜூலையிலிருந்து இப்படி அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டணம், விளம்பர வகைக்கு அதிகம், பயன்பாட்டு வகைக்கு (ஆர்டர் தகவல் மாதிரி) குறைவு. இந்தச் செலவைக் கடைக்காரர் கணக்கிலேயே நேராகக் கட்டவையுங்கள், உங்கள் மாதக் கட்டணத்துக்குள் அடக்கினால் ஆடித் தள்ளுபடிக்கு அவர் ஆயிரக்கணக்கில் அனுப்பும்போது உங்கள் கையைக் கடிக்கும்.

வாசகம் நிராகரிக்கப்படப் பொதுவான காரணங்கள் அற்பமானவை. மாறும் இடம் வாசகத்தின் முதலிலோ கடைசியிலோ வரக் கூடாது, அதனால் “வணக்கம்” என்று தொடங்கி “நன்றி” என்று முடியுங்கள். தமிழில் எழுதிவிட்டு மொழியை ஆங்கிலம் என்று விட்டுவிடாதீர்கள். “உங்கள் புடவை அனுப்பப்பட்டது” என்பதோடு “புதிய வரவுகளையும் பாருங்கள்” என்று ஒட்டினால் அது விளம்பர வகைக்குப் போய்விடும்.

க்யூஆர் ஸ்கேன் செய்து சாதாரண வாட்ஸ்அப்பிலேயே மொத்தச் செய்தி அனுப்பும் மலிவு மென்பொருளைக் கடைக்காரர்கள் காட்டுவார்கள், “அவன் ஐநூறு ரூபாய்க்குத் தர்றான்” என்று. வாட்ஸ்அப் அந்த எண்ணையே தடைசெய்துவிடும் என்பதை எழுத்தில் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

11. மொபைல் ஆப் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கடைக்காரர் “விற்றது” என்று குறிக்க, போனின் முகப்பில் ஒட்டிவைத்த இணையப் பக்கமே போதும். வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். பிளேயில் புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே வெளியிட முடியும். நிறுவனக் கணக்குக்கு அது இல்லை, டன்ஸ் எண் (நிறுவனங்களுக்குக் கொடுக்கும் அடையாள எண்) வாங்க வேண்டும். இதையும் நாலாம் படியிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

12. விலையும் வசூலும்

ஆரம்பக் கட்டணம் தனி, மாதக் கட்டணம் தனி. ஆரம்பக் கட்டணத்தில் அக்கவுண்ட் மீட்கும் வேலை, படங்களுக்கு எண் கொடுக்கும் வேலை எல்லாம் சேரும், அதைத் தள்ளுபடி செய்யாதீர்கள். மாதக் கட்டணத்துக்கு யூபிஐ ஆட்டோபே போட்டுவிடுங்கள், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் அழுத்தத் தேவையில்லை. வசூலுக்குக் கடை கடையாக அலைவதில் போகும் பெட்ரோலே மாதக் கட்டணத்தில் பாதியைத் தின்றுவிடும்.

எல்லாத் தொழிலுக்கும் மாதச் சந்தா ஒத்துவராது. உரக்கடை, அறுவடை இயந்திரம் மாதிரி விவசாயத்தைச் சார்ந்தவர்களுக்குக் குறுவையும் சம்பாவும் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வந்த பிறகுதான் கை நனையும். அவர்களுக்குப் போகத்துக்கு ஒரு முறை என்று வையுங்கள். மண்டபங்களுக்கு முகூர்த்த மாதங்களில். ஆடியில் மண்டபக்காரரிடம் பணம் கேட்டால் கிடைக்காது, ஆனால் புதிதாக ஒன்றைக் காட்டிப் பேச அவருக்கு நேரம் இருப்பது அப்போதுதான். ஜவுளிக்கு நேர் எதிர்: தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் எந்த மாற்றத்தையும் வெளியிடாதீர்கள், பொத்தானின் நிறம் உட்பட.

13. ஓட ஆரம்பித்த பிறகு

மெட்டாவின் கிராஃப் ஏபிஐயில் ஒரு பதிப்பு சுமார் இரண்டு வருடம்தான் இருக்கும். நீங்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறீர்கள், அது எப்போது முடிகிறது என்று காலண்டரில் எழுதி வையுங்கள், கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். தகவலை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று வருடத்துக்கு ஒருமுறை உறுதிசெய்யச் சொல்லி அறிவிப்பு வரும், யாரும் பார்க்காத மின்னஞ்சலுக்கு அது போனால் ஆப் நின்றுவிடும். இரண்டு நிர்வாகிகளும் தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள்.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கடையோடு பேசியவர்களின் எண், முகவரி எல்லாம் உங்கள் சர்வரில் இருக்கிறதே. தேவைப்படாததைச் சேமிக்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு.

அப்புறம், கடை விலகும்போது என்ன செய்வது என்பதையும் ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். டோக்கனை ரத்து செய்து, படங்களும் புடவை எண்களும் உள்ள பட்டியலை எக்செல்லாக அவர் கையில் கொடுத்து, இத்தனை நாளில் மிச்சத்தை அழிக்கிறோம் என்று சொல்லி, அதன்படி அழித்துவிடுங்கள். விட்ஜெட் இருந்த இடத்தில் வெற்றுப் பெட்டி தெரியாமல் இருக்க, அவர் தளத்திலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துத் தருவதும் உங்கள் வேலைதான், அவருடைய தளத்தைச் செய்தவர் போனை எடுக்க மாட்டார்.